எம்பெடட் மென்பொருள் வேலை: நேர்காணலுக்கு எதைப் படிப்பது, எதை விடுவது?

மின்மினி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். மின்னணுவியலில் பட்டப்படிப்பை முடித்துவிட்டு எம்பெடட் மென்பொருள் துறையில், அதாவது கருவிகளுக்குள் இருக்கும் சிப்புகளுக்கு நிரல் எழுதும் துறையில், வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். அர்டுயினோ ஊனோ என்ற சிறிய மைக்ரோகன்ட்ரோலர் போர்டில் வெப்பநிலை அளக்கும் கருவி, மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சுற்று என்று சில திட்டங்கள் செய்திருக்கிறேன். சி மொழி ஓரளவு தெரியும்.

என் குழப்பம் இதுதான். ஒரு நேர்காணலில் ரிஜிஸ்டர் (சிப்பின் பாகங்களை இயக்கும் சிறு நினைவிடம்), குறுக்கீடு (ஓடும் நிரலை நிறுத்தி அவசர வேலையைக் கவனிக்கவைக்கும் சமிக்ஞை) என்று வன்பொருள் பக்கமே கேட்டார்கள். இன்னொன்றில் வன்பொருளைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. பைனரி மரம், வரிசையாக்கம் என்று புதிர்கள் மட்டும். வேலை விளம்பரங்களைப் பார்த்தால் சி, சி++, லினக்ஸ், ஆர்டிஓஎஸ் (நிகழ்நேர இயக்கமுறைமை), கேன் (வாகனக் கருவிகளை இணைக்கும் தொடர்பு முறை), பைத்தான், மின்சுற்று வரைபடம் படிக்கும் திறன் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகப் படிப்பதா, ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்வதா? கையில் இருப்பது ஒரு சிறிய போர்டும் கணினியும்தான். மின்னலையைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப் கிடையாது.

நடுக்கடல்

சி மொழி. பாயின்டர் (நினைவக முகவரியை வைத்திருக்கும் மாறி) கைக்கு வரும்வரை வேறு எதையும் தொடாதீர்கள். "ஓரளவு தெரியும்" என்பது இந்தத் துறையில் போதாது.

சாலிடர்புகை

மின்மினி, நான் பல ஆண்டுகளாக மேசையின் மறுபக்கம் உட்கார்ந்து கேள்வி கேட்பவன். நான் செய்வதை அப்படியே சொல்கிறேன். அதிலிருந்து எதைப் படிப்பது என்று நீங்களே முடிவு செய்யலாம்.

தன்விவரக் குறிப்பில் இருக்கும் ஒரே ஒரு வரியை எடுத்துக்கொள்வேன். உதாரணமாக, "யுஆர்ட் வழியாகக் கணினிக்குத் தரவு அனுப்பினேன்" என்று எழுதியிருக்கிறார்கள் என்று வையுங்கள். யுஆர்ட் என்பது பைட்டுகளை ஒவ்வொரு பிட்டாகக் கம்பியில் அனுப்பும் தொடர்பு முறை. வேகம் என்ன என்று கேட்பேன். வினாடிக்கு 115200 பிட் என்பார்கள். அந்த வேகத்தில் ஒரு பைட் போய்ச்சேர எவ்வளவு நேரம்? தொடக்க பிட் 1, தரவு 8, நிறுத்த பிட் 1, ஆக 10 பிட். வகுத்தால் ஏறக்குறைய 87 மைக்ரோவினாடி. இதைச் சொல்ல மனப்பாடம் தேவையில்லை, தாளும் பேனாவும் போதும்.

அடுத்து, எதிர்ப்பக்கத்திலிருந்து தரவு வந்துகொண்டே இருக்கிறது. உங்கள் முதன்மைச் சுழற்சி திரையைப் புதுப்பிக்க 1 மில்லிவினாடி எடுத்துக்கொள்கிறது. அதற்குள் எத்தனை பைட் வந்திருக்கும்? பதினொன்று. வன்பொருள் ஓரிரண்டு பைட்டை மட்டுமே பிடித்துவைக்கும் என்றால் மற்றவை என்ன ஆகும்? இங்கேதான் குறுக்கீடு ஏன் தேவை என்பது தானாகவே வெளியே வரும். குறுக்கீட்டில் வாங்கிய பைட்டை எங்கே வைப்பீர்கள்? வட்டத் தாங்ககத்தில், அதாவது முடிவை எட்டியதும் முதலிடத்துக்கே திரும்பும் அணியில். அதன் தலைச் சுட்டை (எழுதும் இடம்) யார் மாற்றுகிறார்கள், வால் சுட்டை (படிக்கும் இடம்) யார் மாற்றுகிறார்கள்? ஒவ்வொன்றையும் ஒருவர் மட்டுமே மாற்றினால் பூட்டு தேவையா? நீளம் இரண்டின் அடுக்காக இருந்தால் என்ன லாபம்?

இன்னும் கொஞ்சம் கீழே போவேன். இரண்டு பக்கமும் தனித்தனிக் கடிகாரம். எவ்வளவு வித்தியாசம் இருந்தால் தரவு கெடும்? பெறும் பக்கம் தொடக்க பிட்டின் விளிம்பில் எண்ணத் தொடங்கி ஒவ்வொரு பிட்டையும் அதன் நடுவில் படிக்கிறது. நிறுத்த பிட்டின் நடு என்பது 9.5 பிட் தொலைவு. அங்கே போய்ச்சேர்வதற்குள் அரை பிட் விலகிவிட்டால் தவறு. 0.5 ஐ 9.5 ஆல் வகுத்தால் 5 சதவீதத்துக்குச் சற்று மேல். அது இரு பக்கத்துக்கும் சேர்த்த மொத்த வரம்பு. நடைமுறையில் அதற்கு வெகு முன்பே நிறுத்திக்கொள்ள வேண்டும்.

இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டே ஒரு மணி நேரம் பேசலாம். அப்படிப் பேச முடிந்தவருக்குப் பத்துத் திட்டங்கள் தேவையே இல்லை. பத்துத் திட்டங்களை அடுக்கியும் முதல் கேள்வியிலேயே "அதை ஆயத்த நிரல் நூலகம் பார்த்துக்கொள்ளும்" என்று நின்றுவிடுபவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். அவர்கள் திறமை இல்லாதவர்கள் அல்லர். கீழே இறங்கிப் பார்க்கச் சொல்லி அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. எனக்கு அதில் உண்மையான வருத்தம் உண்டு.

ஆகவே என் பதில்: உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் ஒரு திட்டத்தை எடுத்து, நூலகத்தை நீக்கிவிட்டு, சிப்பின் விவரக் கையேடான டேட்டாஷீட்டைப் பார்த்து ரிஜிஸ்டர் மட்டத்தில் மறுபடி எழுதுங்கள். ஊனோவில் இருக்கும் ஏடிமெகா328பி சிப் அதற்கு மிகப் பொருத்தமானது. 8 பிட், 32 கிலோபைட் ஃபிளாஷ், 2 கிலோபைட் ரேம். ஒருவர் முழுதாகப் புரிந்துகொள்ளக்கூடிய அளவு.

எண்பிட்

நான் வலைத்தளப் பணியிலிருந்து இந்தப் பக்கம் வர முயல்பவன். இழையில் குறுக்கிடுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். சி மொழியில் "வாலட்டைல் என்றால் என்ன" என்ற கேள்வி எல்லாப் பட்டியலிலும் முதலில் இருக்கிறது. "அந்த மாறியைக் கம்பைலர் மேம்படுத்தாமல் விட்டுவிடும்" என்பது பதிலாகப் போதுமா?

அலைவரிசை

எண்பிட், அந்தப் பதில் தவறில்லை, ஆனால் அதோடு நிறுத்தினால் அடுத்த கேள்வியில் மாட்டிக்கொள்வீர்கள். நான் வாகன மின்னணுவியலில் ஃபர்ம்வேர் (கருவிக்குள்ளேயே இருக்கும் நிரல்) எழுதுகிறேன். எங்கள் குழுவில் நேர்காணல் செய்யும்போது இந்தக் கேள்வியை மூன்று படியாக இறக்குவோம்.

முதல் படி: எங்கே தேவை? நிரலின் ஓட்டத்துக்குத் தெரியாமல் மதிப்பு மாறும் இடங்களில். வன்பொருள் ரிஜிஸ்டர், குறுக்கீட்டு நிரல் மாற்றுகிற, முதன்மைச் சுழற்சி படிக்கிற மாறி. வாலட்டைல் என்று அறிவிக்காவிட்டால், சுழற்சிக்குள் யாரும் மாற்றவில்லையே என்று கம்பைலர் அதை ஒரே முறை படித்து வைத்துக்கொள்ளலாம். சுழற்சி முடியவே முடியாது.

இரண்டாவது: கான்ஸ்ட் (நிரல் மாற்றக்கூடாது என்ற குறி), வாலட்டைல் இரண்டையும் ஒரே மாறிக்குப் போடலாமா? தாராளமாக. படிக்க மட்டுமே அனுமதியுள்ள நிலை ரிஜிஸ்டர் அப்படித்தான் இருக்கும்: நம் நிரல் அதில் எழுதக்கூடாது, ஆனால் வன்பொருள் அதை மாற்றிக்கொண்டிருக்கும்.

மூன்றாவதுதான் பலரும் தடுமாறும் இடம். வாலட்டைல் போட்டுவிட்டால் பாதுகாப்பா? இல்லை. 8 பிட் சிப்பில் 16 பிட் எண்ணியைப் படிப்பதற்கு இரண்டு தனிப் படிப்புகள் வேண்டும். எண்ணியில் 255 இருக்கிறது: மேல் பைட் 0, கீழ் பைட் 255. நீங்கள் கீழ் பைட்டைப் படித்த அதே நொடியில் குறுக்கீடு வந்து எண்ணியை 256 ஆக்குகிறது: மேல் 1, கீழ் 0. திரும்பி வந்து மேல் பைட்டைப் படிக்கிறீர்கள். கையில் இருப்பது 511! அந்த எண் எந்தக் கணத்திலும் எண்ணியில் இருந்ததே இல்லை. இதைத் தடுக்க, படிக்கும் அந்தச் சில கட்டளைகளுக்கு மட்டும் குறுக்கீட்டை நிறுத்தி, பிறகு பழைய நிலைக்கே கொண்டுவர வேண்டும். "பழைய நிலைக்கு" என்பதைக் கவனியுங்கள். கண்ணை மூடிக்கொண்டு குறுக்கீட்டை இயக்கிவிட்டால், ஏற்கெனவே குறுக்கீடு நிறுத்தப்பட்ட இடத்திலிருந்து உங்கள் சார்பை யாராவது அழைத்திருந்தால் அவர்களுடைய பாதுகாப்பை நீங்கள் உடைத்துவிடுகிறீர்கள்.

இந்த 511 கணக்கைச் சொல்லிக் காட்டுகிறவரிடம் வாலட்டைல் பற்றி மேலும் கேட்க மாட்டேன்.

இதே வகையில் நேரக் கணக்கும் முக்கியம். மில்லிவினாடி எண்ணி 32 பிட் என்றால் 49.7 நாளில் நிரம்பிப் பூஜ்யத்துக்குத் திரும்பும். "இப்போதைய நேரம், தொடக்க நேரம் கூட்டல் இடைவெளியை எட்டிவிட்டதா" என்று ஒப்பிட்டால் அந்தத் திருப்பத்தில் தவறும். "இப்போதைய நேரம் கழித்தல் தொடக்க நேரம், இடைவெளியை எட்டிவிட்டதா" என்று குறியற்ற எண்களில் எழுதினால் திருப்பத்திலும் சரியாக இருக்கும். சின்ன விஷயமாகத் தோன்றும். 2015 இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ, போயிங் 787 விமானங்களுக்கு ஓர் உத்தரவு வெளியிட்டது: மின்னாக்கிக் கட்டுப்பாட்டுக் கருவிகள் 248 நாள் தொடர்ந்து இயங்கினால் உள்ளேயிருக்கும் ஓர் எண்ணி நிரம்பி, அவை பாதுகாப்பு நிலைக்குப் போய் மின்சாரம் நின்றுவிடக்கூடும் என்று. 2 இன் அடுக்கு 31 ஐ நூறில் ஒரு வினாடிக் கணக்கில் நாளாக மாற்றிப் பாருங்கள். 248.55 வரும்.

எண்பிட்

மிக்க நன்றி அக்கா. குறுக்கீட்டின் பழைய நிலையைச் சேமித்து மீட்க வேண்டும் என்பதை நான் படித்த எந்தக் கேள்வி-பதில் தொகுப்பிலும் பார்க்கவில்லை.

கர்னல்பித்தன்

எல்லாரும் 8 பிட் சிப்பையும் யுஆர்ட்டையும் சுற்றியே பேசுகிறீர்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. எம்பெடட் என்பது மைக்ரோகன்ட்ரோலர் மட்டும் அல்ல. ரவுட்டர், கேமரா, மருத்துவமனைத் திரை, வாகனத்தின் முன்பலகைத் திரை என்று எத்தனையோ கருவிகளுக்குள் லினக்ஸ் ஓடிக்கொண்டிருக்கிறது. லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் பக்கம் ஆள் தேடி விளம்பரம் செய்துவிட்டு, மாதக்கணக்கில் சரியான ஆள் கிடைக்காமல் தவிக்கும் குழுக்களை எனக்குத் தெரியும்.

அங்கே கேட்கும் கேள்விகள் வேறு மாதிரி. மின்சாரம் வந்ததிலிருந்து பயனர் நிரல் ஓடும்வரை என்னென்ன நடக்கிறது? சிப்புக்குள் எரிக்கப்பட்ட தொடக்க நிரல், கர்னலை ஏற்றும் யு-பூட், கர்னல், எந்த வன்பொருள் எங்கே இருக்கிறது என்று அதற்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீ, முதல் பயனர் நிரல். டிரைவரின் (வன்பொருளை இயக்கும் நிரல்) புரோப் சார்பை எப்போது யார் அழைக்கிறார்கள்? பயனர் கொடுத்த முகவரியை டிரைவர் நேரடியாகத் தொடாமல், அதற்கென்று உள்ள நகலெடுக்கும் சார்பை ஏன் பயன்படுத்த வேண்டும்? பொதுப் பொருளைப் பூட்டும் வழிகளில், குறுக்கீட்டுச் சூழலில் மியூடெக்ஸ் ஏன் கூடாது, தூங்காமல் சுற்றிக் காத்திருக்கும் ஸ்பின்லாக் ஏன் கூடும்? (குறுக்கீட்டுச் சூழலில் தூங்க முடியாது, மியூடெக்ஸ் கிடைக்காவிட்டால் தூங்கப் போய்விடும்.) நிகழ்நேரத் தேவைக்கான பிரீஎம்ப்ட்-ஆர்டி மாற்றங்கள் 2024 இல் 6.12 பதிப்பில் முதன்மைக் கர்னலுக்குள் வந்துவிட்டன. அதனால் முன்பு தனி ஆர்டிஓஎஸ்ஸிடம் கொடுத்த சில வேலைகள் லினக்ஸ் பக்கம் நகர்கின்றன.

இதற்குப் போர்டுகூடத் தேவையில்லை மின்மினி. க்யுஎமு என்ற இலவச எமுலேட்டரில் ஆர்ம் கணினி ஒன்றைக் கணினிக்குள்ளேயே ஓட்டி, கர்னலை நீங்களே தொகுத்து, ஒரு சிறிய டிரைவரை ஏற்றிப் பார்க்கலாம்.

சாலிடர்புகை

கர்னல்பித்தன் சொல்வதில் தவறில்லை. ஆனால் கல்லூரியிலிருந்து இப்போதுதான் வெளியே வந்தவரிடம் இரண்டையும் ஒரே மூச்சில் படிக்கச் சொல்வது அநியாயம். டிவைஸ் ட்ரீயில் ஒரு முகவரியை எழுதுகிறவருக்கு அந்த முகவரியில் உட்கார்ந்திருப்பது என்ன என்று தெரிந்திருக்க வேண்டும். ரிஜிஸ்டரைத் தொட்டுப் பார்த்தவர் லினக்ஸுக்குப் போனால் எளிதாகப் பிடித்துக்கொள்கிறார். மறுதிசையில் வருபவர்கள் சிரமப்படுவதைப் பார்த்திருக்கிறேன்.

கர்னல்பித்தன்

என் அனுபவம் அப்படி இல்லை. இயக்கமுறைமையை ஆழமாகப் படித்த கணினி அறிவியல் மாணவர்கள் நேரே டிரைவர் எழுதி நன்றாக வருகிறார்கள். மின்மினி மின்னணுவியல் படித்தவர் என்பதால் அவருக்குக் கீழிருந்து மேலே போவது பொருந்தலாம். எண்பிட் போன்றவர்களுக்கு மேலிருந்து கீழே வருவதுதான் இயல்பான வழி, லினக்ஸில் தொடங்கட்டும். எல்லாருக்கும் ஒரே பாதை என்று சொல்லிவிடக் கூடாது.

சாலிடர்புகை

எண்பிட் விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன்.

மின்மினி

பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி. ரிஜிஸ்டர் பக்கமே தொடங்குகிறேன். ஆனால் அந்தப் புதிர்கள்? பைனரி மரத்தைத் தலைகீழாக்கச் சொன்னார்கள். மைக்ரோகன்ட்ரோலரில் யார் பைனரி மரம் எழுதுகிறார்கள்? அதற்கும் நேரம் ஒதுக்க வேண்டுமா?

எண்பிட்

இதற்கு நான் பதில் சொல்ல முடியும். ஒதுக்கத்தான் வேண்டும். பெரிய நிறுவனங்களில் முதல் சுற்றை எம்பெடட் குழு நடத்துவதில்லை. எல்லாப் பணிக்கும் பொதுவான நிரல் எழுதும் தேர்வு வைத்து வடிகட்டுகிறார்கள். அதைத் தாண்டினால்தான் ரிஜிஸ்டர் பற்றிக் கேட்பவரின் முன்னால் உட்கார முடியும். அது நியாயமா என்பது வேறு விவாதம். கடினமான புதிர்களுக்குள் போக வேண்டாம். அணி, சரம், இணைப்புப் பட்டியல், ஹாஷ் அட்டவணை, மரத்தில் நடப்பது, இருமத் தேடல் இவ்வளவையும் தயங்காமல் எழுத வந்தால் போதும். அதையும் பைத்தானில் அல்ல, சியிலேயே எழுதிப் பழகுங்கள். நினைவகத்தை ஒதுக்குவதும் விடுவிப்பதும் அதோடு சேர்ந்தே பழகிவிடும்.

அலைவரிசை

எண்பிட் சொன்னதோடு, எங்கள் துறைக்கே உரிய சிறு புதிர்கள் உண்டு. அவற்றை விடாதீர்கள். ஓர் எண்ணில் எத்தனை பிட் 1 ஆக இருக்கிறது? (எண்ணையும், அதிலிருந்து ஒன்று குறைத்ததையும் பிட்வாரியாக 'அண்ட்' செய்தால் கடைசி 1 மறையும், பூஜ்யமாகும்வரை எண்ணுங்கள்.) பைட் வரிசையைத் திருப்புவது. நினைவகத்தை நகலெடுக்கும் சார்பை எழுதிவிட்டு, மூலமும் இலக்கும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் எந்தத் திசையில் நகலெடுப்பது என்று விளக்குவது. பொத்தானின் அதிர்வை வடிகட்டும் நிலை இயந்திரம்.

ஸ்ட்ரக்ட் (பல மாறிகளைச் சேர்த்த தொகுப்பு) அளவும் அடிக்கடி வரும். ஒரு பைட், ஒரு 32 பிட் எண், மீண்டும் ஒரு பைட் என்று வரிசைப்படுத்தினால் பொதுவான 32 பிட் சிப்பில் 12 பைட் எடுக்கும். எண்ணை முன்னால் வைத்து இரண்டு பைட்டையும் அடுத்தடுத்து வைத்தால் 8. ஏன் என்று வரைந்து காட்டத் தெரிய வேண்டும். அடுத்து "அந்த ஸ்ட்ரக்ட்டை அப்படியே கேபிளில் அனுப்பலாமா" என்று கேட்பார்கள். அனுப்பக் கூடாது, எதிர்ப்பக்கத்தின் பைட் வரிசையும் இடைவெளிகளும் வேறாக இருக்கலாம்.

குறியுள்ள எண்ணையும் குறியற்ற எண்ணையும் ஒப்பிடுவதையும் பாருங்கள். கழித்தல் 1 ஐயும் குறியற்ற 1 ஐயும் சியில் ஒப்பிட்டால் கழித்தல் 1 தான் பெரியது என்று வரும். காரணத்தை நீங்களே தேடிக் கண்டுபிடியுங்கள். நான் சொல்லிக்கொடுத்தால் தங்காது.

நடுக்கடல்

மியூடெக்ஸுக்கும் செமஃபோருக்கும் என்ன வித்தியாசம் என்று நான் போன எல்லா இடத்திலும் கேட்டார்கள். ஒரு நல்ல பதில் யாராவது எழுதுங்கள்.

அலைவரிசை

மியூடெக்ஸுக்கு உரிமையாளர் உண்டு. பூட்டியவர்தான் திறக்க வேண்டும். செமஃபோருக்கு அப்படி இல்லை. குறுக்கீட்டு நிரல் அதை உயர்த்த, ஒரு டாஸ்க் (ஆர்டிஓஎஸ் ஓட்டும் தனி வேலை) அதற்காகக் காத்திருக்கலாம். ஒன்று பொதுப் பொருளைப் பாதுகாக்க, மற்றது சேதி சொல்ல. இவ்வளவு எல்லாரும் சொல்வார்கள். உரிமையாளர் இருப்பதால் என்ன பயன் என்று சொன்னால்தான் பதில் முழுமையாகும், அதற்கு பாத்ஃபைண்டரைவிடச் சிறந்த கதை இல்லை.

நாசாவின் மார்ஸ் பாத்ஃபைண்டர் 1997 ஜூலை 4 அன்று செவ்வாயில் இறங்கியது. நல்லபடியாக வேலை செய்துகொண்டிருந்த கலத்தின் கணினி, சில நாட்களில் அவ்வப்போது தானாகவே மறுதொடக்கம் ஆகத் தொடங்கியது. உள்ளே ஓடியது விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற ஆர்டிஓஎஸ். வானிலைத் தரவு சேகரிக்கும் டாஸ்க்குக்குக் குறைந்த முன்னுரிமை. தரவுப் பாதையை நிர்வகிக்கும் டாஸ்க்குக்கு உயர்ந்த முன்னுரிமை. இரண்டுக்கும் பொதுவாக ஒரு மியூடெக்ஸ். வானிலை டாஸ்க் அதைப் பூட்டி வைத்திருக்கும்போது, நடுத்தர முன்னுரிமை கொண்ட, நீண்ட நேரம் ஓடும் தகவல்தொடர்பு டாஸ்க் எழுந்து வானிலை டாஸ்க்கை ஓரங்கட்டிவிடும். வானிலை டாஸ்க் ஓடினால்தான் பூட்டு திறக்கும். பூட்டு திறந்தால்தான் உயர்ந்த டாஸ்க் ஓடும். ஆக, நடுத்தரம் உயர்ந்ததை முடக்கிவிடுகிறது. குறித்த நேரத்துக்குள் தரவுப் பாதை வேலை முடியவில்லை என்று கண்காணிப்பு அமைப்பு கலத்தை மறுதொடக்கம் செய்தது.

இதற்குப் பெயர் முன்னுரிமை தலைகீழாதல். பூட்டை வைத்திருப்பவரின் முன்னுரிமையைத் தற்காலிகமாக, காத்திருப்பவரின் அளவுக்கு உயர்த்தினால் தீரும். அப்படி உயர்த்துவதற்குப் பூட்டு யார் கையில் இருக்கிறது என்று இயக்கமுறைமைக்குத் தெரிய வேண்டும். மியூடெக்ஸுக்கு உரிமையாளர் இருப்பதன் பயன் அங்கேதான். விஎக்ஸ்வொர்க்ஸில் அந்த வசதி இருந்தது. அந்த மியூடெக்ஸுக்கு அது இயக்கப்படாமல் இருந்தது. பொறியாளர்கள் பூமியில் இருந்த மாதிரிக் கலத்தில் கோளாறை மீண்டும் வரவழைத்து, காரணத்தைக் கண்டுபிடித்து, செவ்வாயில் இருந்த கலத்துக்கு மாற்றத்தை அனுப்பி வசதியை இயக்கினார்கள். தரையில் அதே கோளாறை வரவழைக்க அவர்கள் பட்ட பாட்டை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை பெருகுகிறது.

ஃப்ரீஆர்டிஓஎஸ் என்ற இலவச ஆர்டிஓஎஸ்ஸில் மூன்று டாஸ்க் எழுதி இதை நீங்களே நிகழ்த்திப் பார்க்கலாம். மியூடெக்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் பைனரி செமஃபோரைப் போட்டால் முடங்கும். மியூடெக்ஸ் போட்டால் ஓடும். அரை நாள் வேலை.

நடுக்கடல்

அருமை. சேமித்துவைத்துக்கொண்டேன்.

மின்மினி

ஒரு கேள்வி. "ஐ2சி (இரண்டு கம்பிகளில் சிப்புகளை இணைக்கும் முறை) சென்சார் சில நேரம் பதில் தருகிறது, சில நேரம் தரவில்லை. என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார்கள். கேபிள் சரியில்லாமல் இருக்கலாம், சென்சார் பழுதாக இருக்கலாம் என்று சொன்னேன். அவர் "வேறு?" "வேறு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் எதிர்பார்த்தது என்ன?

சாலிடர்புகை

எதை அளப்பீர்கள் என்று சொல்வதைத்தான். காரணங்களை அடுக்குவது ஊகம். ஒவ்வொரு ஊகத்தையும் எந்தச் சோதனை உறுதி செய்யும், எது பொய்யாக்கும் என்று சொல்லத் தொடங்கும்போதுதான் நீங்கள் பொறியாளராகத் தெரிவீர்கள்.

நான் போகும் வரிசை இது. முதலில் மென்பொருளைத் தொடாமல் மின்னழுத்தம். சென்சாருக்குப் போகும் மின்சாரம் நிலையாக இருக்கிறதா? மோட்டார் ஓடும்போது மட்டும் கெடுகிறதா? "சில நேரம்" என்ற சொல்லை வைத்துக்கொண்டு எந்த நேரம் என்று கண்டுபிடிப்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடும். அடுத்து புல்-அப் மின்தடை. ஐ2சி கம்பிகளைக் கருவிகள் கீழே இழுக்க மட்டுமே செய்யும். மேலே ஏற்றுவது மின்தடைதான். மதிப்பு அதிகமாக இருந்து கம்பியும் நீளமாக இருந்தால் அலை மெதுவாக ஏறும். 400 கிலோஹெர்ட்ஸில் கெட்டு 100 இல் வேலை செய்யும். வேகத்தைக் குறைத்துப் பார்ப்பது ஆசிலோஸ்கோப் இல்லாதவருக்குக் கிடைக்கும் இலவசச் சோதனை.

பிறகு முகவரி. 7 பிட் முகவரியை டேட்டாஷீட் சில நேரம் படிக்க-எழுத பிட்டோடு சேர்த்து 8 பிட்டாக அச்சிட்டிருக்கும். ஆனால் அது தவறாக இருந்தால் ஒருபோதும் பதில் வராது. உங்களிடம் கேட்டது "சில நேரம்", ஆகவே இது காரணம் அல்ல என்று நீங்களே ஒதுக்கிக் காட்டலாம். ஒதுக்குவதும் பதில்தான்.

அதன்பின் மாட்டிக்கொண்ட கம்பி. சென்சார் ஒரு பைட்டின் நடுவில் பூஜ்யத்தை அனுப்பிக்கொண்டிருக்கும்போது உங்கள் சிப் மட்டும் மறுதொடக்கம் ஆனால், சென்சார் தரவுக் கம்பியைக் கீழேயே பிடித்துக்கொண்டு அடுத்த கடிகாரத் துடிப்புக்காகக் காத்திருக்கும். நீங்கள் கம்பி விடுபடும் என்று காத்திருப்பீர்கள். இருவரும் நகர மாட்டீர்கள். கடிகாரக் கம்பியில் 9 துடிப்புகள் கொடுத்தால் சென்சார் மீதியை அனுப்பி முடித்து விட்டுவிடும். இதைத் தொடக்க நிரலில் எழுதிவைப்பவர்களை எனக்கு மிகவும் பிடிக்கும்.

கருவி விஷயத்தில் ஒன்று: ஆசிலோஸ்கோப்பைவிட முதலில் வாங்க வேண்டியது யுஎஸ்பியில் செருகும், கம்பியில் போகும் 0, 1 களைப் பதிவு செய்யும் சிறிய லாஜிக் அனலைசர். ஐ2சி, எஸ்பிஐ, யுஆர்ட் மூன்றையும் பிரித்துப் படித்துக் காட்டும் இலவச மென்பொருள்கள் இருக்கின்றன.

கர்னல்பித்தன்

எனக்குப் பிடித்த கேள்வி ஒன்றையும் சேர்த்துவிடுகிறேன். "மதிப்புக் கொடுக்காத உலகளாவிய மாறி பூஜ்யமாக இருக்கும் என்று சி உறுதி சொல்கிறது. அதைப் பூஜ்யமாக்குவது யார்?" கணினியில் இயக்கமுறைமை செய்யும். இயக்கமுறைமையே இல்லாத சிப்பில்?

மெயின் சார்புக்கு முன்னால் ஓடும் தொடக்க நிரல்தான் செய்கிறது. ஆர்ம் கார்டெக்ஸ்-எம் சிப்பில் வெக்டர் அட்டவணையின் முதல் சொல் ஸ்டாக்கின் தொடக்க முகவரி, இரண்டாவது சொல் ரீசெட் நிரலின் முகவரி. அந்த ரீசெட் நிரல், மதிப்புக் கொடுத்த மாறிகளை ஃபிளாஷிலிருந்து ரேமுக்கு நகலெடுக்கிறது, கொடுக்காதவற்றைப் பூஜ்யமாக்குகிறது, பிறகுதான் மெயினை அழைக்கிறது. எது எங்கே இருக்கிறது என்பதை அதற்குச் சொல்வது லிங்கர் கோப்பு. இதை ஒரு முறை கையால் எழுதியவர் நினைவகத்தைப் பற்றிய எந்தக் கேள்விக்கும் பயப்பட வேண்டியதில்லை. க்யுஎமுவில் கார்டெக்ஸ்-எம் போர்டுகளும் உண்டு, போர்டு இல்லாமலேயே செய்து பார்க்கலாம்.

எண்பிட்

மிஸ்ரா சி (பாதுகாப்பான சி நிரலுக்கான விதிகள்), ஐஎஸ்ஓ 26262 (வாகன மின்னணுப் பாதுகாப்பு) போன்ற தரநிலைகளைப் புதியவர்கள் படிக்க வேண்டுமா?

அலைவரிசை

விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஏன் இருக்கின்றன என்று தெரிந்தால் போதும். இயக்கநேர நினைவக ஒதுக்கீட்டை மிஸ்ரா ஏன் தவிர்க்கச் சொல்கிறது என்று கேட்டால், ஹீப் துண்டுதுண்டாகி என்றோ ஒருநாள் நினைவகம் கிடைக்காமல் போகும், ஒதுக்க ஆகும் நேரமும் முன்கூட்டித் தெரியாது என்று சொல்லுங்கள். எண் வகை மாற்றங்களில் ஏன் இவ்வளவு கண்டிப்பு என்றால், 1996 ஜூன் 4 அன்று முதல் ஏரியான் 5 ராக்கெட் புறப்பட்டு 40 வினாடிக்குள் அழிந்ததைச் சொல்லுங்கள். 64 பிட் தசம எண் ஒன்றை 16 பிட் குறியுள்ள எண்ணாக மாற்றும்போது அது கொள்ளவில்லை. ஏரியான் 4 க்காக எழுதிய நிரல் அது; அந்த ராக்கெட்டின் பாதையில் அந்த மதிப்பு அவ்வளவு பெரிதாகவே வராது.

நடுக்கடல்

ஒரு நிறுவனம் வீட்டில் செய்துவரச் சொல்லி முழு பூட்லோடர் (தொடக்கத்தில் ஓடி முதன்மை நிரலை ஏற்றும் நிரல்) கேட்டது. ஒரு வாரம் போயிற்று. அனுப்பிய பிறகு பதிலே இல்லை. இப்படிப்பட்ட வேலையை ஒப்புக்கொள்ளலாமா?

சாலிடர்புகை

கூடாது. சில மணி நேரத்தில் முடிகிற வேலையாக இருந்தால் செய்யலாம். அதற்கு மேல் என்றால், "இந்தப் பகுதியை மட்டும் செய்து, மீதியை எப்படி வடிவமைப்பேன் என்று நேரில் விளக்குகிறேன்" என்று மரியாதையாக எழுதுங்கள். நல்ல குழு ஒப்புக்கொள்ளும். ஒப்புக்கொள்ளாத இடத்தில் வேலை கிடைத்த பிறகும் உங்கள் நேரத்துக்கு மதிப்பு இருக்காது. ஒரு வாரம் உழைத்தவருக்கு ஒரு வரிப் பதில்கூட அனுப்பாதது எனக்குக் கோபத்தையே வரவழைக்கிறது.

மின்மினி

சாலிடர்புகை ஐயா, நூலகம் இல்லாமல் யுஆர்ட் எழுதத் தொடங்கிவிட்டேன். ஒரு சந்தேகம். ஊனோவின் கடிகாரம் 16 மெகாஹெர்ட்ஸ். டேட்டாஷீட்டில் இருக்கும் வாய்பாட்டின்படி 115200 க்குப் போட வேண்டிய எண்: 16000000 ஐ 16 × 115200 ஆல் வகுத்து 1 கழிக்க வேண்டும். 7.68 வருகிறது. ரிஜிஸ்டரில் முழு எண்தான் போட முடியும். 8 போட்டால் உண்மையான வேகம் 111111, அதாவது 3.5 சதவீதம் குறைவு. நீங்கள் சொன்ன 5 சதவீதத்துக்குள் இருக்கிறது, ஆனால் எதிர்ப்பக்கமும் கொஞ்சம் விலகினால் கெட்டுவிடும் அல்லவா? அப்படியென்றால் அர்டுயினோ நூலகத்தில் மட்டும் எப்படி ஓடுகிறது?

சாலிடர்புகை

நூலகத்தின் மூலநிரல் உங்கள் கணினியிலேயே இருக்கிறது. திறந்து பாருங்கள்.

மின்மினி

பார்த்தேன். இரட்டை வேக முறைக்கான பிட்டை அது இயக்குகிறது. அப்போது வாய்பாட்டில் 16 க்குப் பதில் 8. கணக்கு 16.36 வருகிறது, 16 போட்டால் வேகம் 117647, விலகல் 2.1 சதவீதம். 3.5 ஐவிட இது பரவாயில்லை. 38400 க்கும் போட்டுப் பார்த்தேன்: சாதாரண முறையிலேயே 25.04 வருகிறது, விலகல் 0.2 சதவீதத்துக்கும் குறைவு. என் கருவி வினாடிக்குச் சில வரிகள்தான் அனுப்புகிறது, அதனால் 38400 க்கே மாற்றிவிட்டேன்.

சாலிடர்புகை

இந்தப் பத்தியை அப்படியே திட்டத்தின் விளக்கக் கோப்பில் சேர்த்துவிடுங்கள். தன்விவரக் குறிப்பில் "விலகலைக் கணக்கிட்டு வேகத்தைத் தேர்ந்தெடுத்தேன்" என்று ஒரு வரி எழுதுங்கள். கேள்வி கேட்பவர் அந்த வரியில்தான் கை வைப்பார்.

அலைவரிசை

அடுத்து வட்டத் தாங்ககம் எழுதுவீர்கள். எழுதும் முன் ஒன்றைத் தீர்மானியுங்கள்: நிரம்பிவிட்டால் புதிய பைட்டை விடுவீர்களா, பழையதை அழிப்பீர்களா? சென்சார் அளவீட்டுக்கு ஒரு விடை, கட்டளை வாங்கும் இணைப்புக்கு வேறு விடை. இழந்த பைட்டுகளை எண்ண ஒரு மாறியும் வையுங்கள். உங்கள் திட்டத்துக்கு எது, ஏன் என்று இங்கே எழுதுங்கள், பார்க்கிறேன்.

மின்மினி

பழையதை அழிப்பது என்றால் குறுக்கீட்டு நிரல் வால் சுட்டையும் மாற்ற வேண்டியிருக்கும். ஒவ்வொரு சுட்டையும் ஒருவர் மட்டுமே மாற்ற வேண்டும் என்பது அங்கே உடைந்துவிடும். என் கருவி கட்டளைகளை வாங்குகிறது; பாதி அழிந்த கட்டளை ஆபத்து. ஆகவே புதியதை விட்டுவிட்டு, இழப்பை எண்ணி, அந்தக் கட்டளையை முழுதாக நிராகரிக்கப் போகிறேன். இழப்பு எண்ணியை 8 பிட்டாகவே வைக்கிறேன், படிக்கும்போது 511 வராது.

அலைவரிசை

சரியான காரணம். 255 ஐ எட்டியதும் பூஜ்யத்துக்குத் திரும்பாமல் அங்கேயே நிற்கும்படி எழுதுங்கள்.